நாலு மணி விளக்கு

சென்ற மாசி மாதம், பெரும்போக அறுவடை முடியுந் தறுவாயில், விடுமுறைக்காக உருத்திரபுரத்திற்குச் சென்றிருந்தேன். பையைத் திண்ணையில் இறக்கி வைப்பதற்கு முன்னரே சித்தப்பா தமது வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"என்ன பிள்ளை, ஏதும் கீறினியோ?"

படம் வரைவதை எங்கள் ஊரிற் கீறுதல் என்றே சொல்வார்கள். பாடசாலைக் கொப்பியிற் பென்சிலால் இழுப்பதும் கீறுவதுதான். ஏர்முனை மண்ணில் இழுப்பதும் கீறுவதுதான்.

"நேரமில்லைச் சித்தப்பா. படிப்பு, ஒப்படை, பரீட்சை எண்டு ஒரே ஓட்டம்" என்றேன்.

அவர் "ம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில் நான் கூறியது பொய். அந்தப் பொய்க்குக் காரணம் என்னவென்று தேடியபோது கிடைத்தவற்றையே இங்கு எழுத முனைகின்றேன். உழைத்து உண்ணவேண்டிய ஒருவர் தம் கலையை எவ்வாறு அணையாமற் காப்பாற்றுகிறார் என்ற கேள்வி, கலைப்பீட மாணவர்களாகிய நம்மிற் பலருக்கும் நாளை எழப்போகும் கேள்வியாதலின், இது என் சொந்தக் கதை மட்டுமன்று என எண்ணுகின்றேன்.

உருத்திரபுரம் கிளிநொச்சி நகருக்கு மேற்கே, வயல்களின் நடுவே அமைந்த ஊர். சதுர ஆவுடையாரைக் கொண்ட சிவன் கோயில் அதன் தொன்மைக்குச் சான்று. ஆயினும் இன்று நாம் காணும் ஊர் வாய்க்காலால் உண்டான ஊர். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கப்பெற்று 1920இல் நிறைவெய்திய இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி, 1950களிற் குடாநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுள் எங்கள் அப்பப்பாவின் குடும்பமும் ஒன்று. குடியேற்றக் காணி துண்டாடப்படலாகாது என்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. எனவே வயல் மூத்த மகனாகிய என் தந்தையாரிடம் வந்தது. இளையவராகிய சித்தப்பாவுக்கு வயல் இல்லை. "காணி இல்லாதபடியாலைதான் எனக்குக் கை வந்தது" என்று அவர் சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. அந்தச் சிரிப்பில் என் தந்தையார் கலந்துகொள்வதில்லை.

சித்தப்பாவுக்கு ஆசிரியர் என்று ஒருவர் இருந்ததில்லை. வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டிப் படங்களே அவரது முதற் பாடநூல்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898-1976) நாடக மேடைக்குத் திரைச்சீலை தீட்டி வாழ்ந்து, பின்னர் சிவகாசியில் அச்சாகிய நாட்காட்டிகளுக்குத் தெய்வப் படங்களை வரைந்தவர். அவர் வழிவந்த முருகனும் இலக்குமியும் கடல் கடந்து நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தனர். அப்படங்களைக் கட்டம் போட்டுப் பார்த்துக் கீறிப் பழகிய சிறுவன், பதினெட்டாவது வயதிற் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் தொழிலுக்கு வந்தான்.

பலகை எழுதுவது எளிய காரியம் என நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். முதலிற் பலகையைத் தேய்த்து அடிநிறம் பூசிக் காயவிடவேண்டும். சுண்ணத்தூள் தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அக்கோடுகளுக்கிடையே எழுத்துகளை வெண்கட்டியால் இடம் பிரித்துக்கொள்ளவேண்டும். 'ண', 'ழ', 'ஞ' ஆகியவை இடத்தை விழுங்குவன. 'ர', 'ப' ஆகியவை ஒதுங்கி நிற்பன. எல்லாவற்றுக்கும் ஒரே அகலம் கொடுத்தால் பெயர் பல் விழுந்த வாய்போலத் தோன்றும். எனமல் பெயின்ற் கோட்டைத் தாண்டி ஒருமுறை வழிந்துவிட்டால், துடைத்த இடம் என்றும் துடைத்த இடமாகவே தெரியும். ஆகவே வளைவுகளை ஒரே மூச்சில் இழுக்கவேண்டும். அரிசி ஆலை, உரக்கடை, துவிச்சக்கரவண்டி திருத்துமிடம், தேநீர்க் கடை, பாடசாலைச் சுவரில் இலங்கைப் படம் என நாற்பது வருடங்களாக அவர் இழுத்த கோடுகளை யார் எண்ணமுடியும்?

இவை யாவும் பகற்பொழுதின் வேலை. அவருடைய சொந்த வேலை விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிவது. குசினிப் பத்தியிற் கிடக்கும் பழைய மேசையே அவரது ஓவியக்கூடம். அங்கே அவர் தெய்வங்களைக் கீறுவதில்லை. நீர் வற்றிய வாய்க்கால், நாற்று நடும் பெண்களின் முதுகுகள், மழைக்கு ஒதுங்கி நிற்கும் மாடு, கதவில்லாத வாசற்படி ஆகியவையே அவர் விரும்பிக் கீறுபவை. விற்பதற்காக அவர் ஒன்றையும் கீறியதில்லை, வாங்குவாரும் இருந்ததில்லை. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் நிறங்கள் கிடைக்காதபோது கரியும் செங்கற்பொடியும் உடுப்புக்குப் போடும் நீலமும் அவருக்கு நிறங்களாயின.

அந்த ஒரு மணி நேரம் எக்காலத்தும் தவறாது நடந்தது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். ஆனால் அஃது உண்மையன்று. 2008இன் பிற்பகுதியில் ஊர் இடம்பெயர்ந்தபோது, இருபது வருடத்துப் படங்களைத் தகரப் பெட்டியில் வைத்துக் கோடியிற் புதைத்துவிட்டு, தூரிகைப் பையை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். எனக்கு அப்பொழுது ஆறு வயது. பையில் அரிசி இருக்கவேண்டிய இடத்தில் தூரிகை இருப்பதைக் கண்டு சித்தி வழியில் அழுததும், அவர் வாய் திறவாது நடந்ததும் எனக்கு நினைவிருக்கின்றன. செட்டிகுளம் முகாமில் இருந்த காலத்தில் அவர் ஒரு கோடுதானும் கீறவில்லை. கடதாசி இல்லாமையாலன்று; மனம் இல்லாமையால். 2010இல் ஊர் திரும்பிக் கோடியைத் தோண்டியபோது பெட்டி இருந்தது. படங்கள் நீரூறி ஒன்றோடொன்று ஒட்டி, கறையான் தின்று, ஒரு மண்கட்டிபோற் கிடந்தன. அதை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியே மீண்டும் மூடிவிட்டு, அதன்மேல் ஒரு மாங்கன்றை நட்டார்.

அதன் பின்னர் அவர் மறுபடியும் தொடங்கிய விதத்தை நான் அண்மையிலேதான் கேட்டறிந்தேன். முதல் இரண்டு மாதமும் நாலு மணிக்கு எழுந்து அவர் படம் ஒன்றும் கீறவில்லை. நேர்கோடுகளையும் வட்டங்களையும் மட்டுமே கீறினார். "கை மறந்துபோச்சு பிள்ளை. மனம் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தால் கையும் வராது. அதுதான் கையை முதல் இருத்தினன். மனம் பிந்தித்தான் வந்தது" என்றார். கலையுணர்ச்சி பொங்கி வழியுங் கணத்திற் படைப்புப் பிறக்கிறது என நாம் விரிவுரைகளிற் கேட்டிருக்கிறோம். அக்கூற்று முற்றிலும் தவறென்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தக் கணம் வந்து கதவைத் தட்டும்பொழுது மேசைக்கு முன்னால் ஓர் ஆள் இருக்கவேண்டும் என்பதைச் சித்தப்பாவிடமே தெரிந்துகொண்டேன்.

மீள்குடியேற்றத்தின் பின் சில வருடங்கள் தொழில் நன்றாக நடந்தது. அழிந்த ஊரிற் கடை, பாடசாலை, சங்கக் கட்டடம் ஆகிய எல்லாவற்றுக்கும் புதிதாகப் பெயர் எழுதவேண்டியிருந்தது. பின்னர் டிஜிற்றல் பதாகைகள் வந்தன. காலையிற் சொன்னால் மாலையிற் கையிற் கிடைக்கும், படமும் சேர்ந்து வரும், விலையும் குறைவு. கடைக்காரரைக் குறைசொல்வதற்கில்லை. சித்தப்பா வீட்டுச் சுவர்களுக்கு நிறம் பூசும் வேலைக்குச் சென்றார். 2022இன் பொருளாதார நெருக்கடியிற் பெயின்ற் விலை ஏறியபோது அதுவும் நின்றது. வயல்களிற் கூலிக்குச் சென்றார். இப்பொழுது நிறம் பூசும் வேலையோடு, திருவிழாக் காலத்திற் கோயில் வாகனங்களுக்கு நிறந் தீட்டும் வேலையும் உண்டு. தொழில் நான்குமுறை மாறிவிட்டது. நாலு மணி மட்டும் மாறவில்லை.

இனி என் பக்கத்துக்கு வருகின்றேன். கண்டியில் தொடங்கும் ஏ-9 வீதிதான் கிளிநொச்சியைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்கிறது. பேராதனைக்கு வருவதற்கும் ஊருக்குத் திரும்புவதற்கும் எனக்கு அந்த ஒரே வீதி. வழியிலே தம்புள்ளை வரும். அங்குள்ள குகைச் சுவரோவியங்களிற் பெரும்பகுதி கீர்த்தி சிறி இராஜசிங்கன் ஆண்ட காலத்தில் (1747-1782) தீட்டப்பெற்றவை. அந்த ஓவியர்கள் எவ்வாறு உயிர்வாழ்ந்தனர்? ஆனந்தக் குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இதற்கு விடை உண்டு. கண்டி இராச்சியத்தின் கைவினைஞர் பணிக்கு ஈடாக நிலம் பெற்றிருந்தனர். வயல் அவர்களுக்குச் சோறு போட்டது, அவர்கள் கோயிலுக்கு நிறம் போட்டனர். அதைப் படித்தபோது, வயல் கிடைக்காததால் ஓவியரான ஒருவரின் முகம் என் கண்முன் வந்து நின்றது.

நம்மவரின் வரலாற்றைப் பார்த்தால் நிலத்தின் இடத்தைச் சம்பளம் எடுத்துக்கொண்டமை தெரியும். யாழ்ப்பாணத்தில் நவீன ஓவியத்துக்கு அடித்தளமிட்ட எஸ். ஆர். கனகசபை கல்வித் திணைக்களத்துச் சித்திர வித்தியாதிகாரி. அவருக்குப் பின்வந்த மாற்கு (1933-2000) சித்திர ஆசிரியர். குருநகரிற் பிறந்து, கொழும்பில் ஓவியம் பயின்று, வாழ்நாள் முழுவதும் கற்பித்துக்கொண்டும் வரைந்துகொண்டும் இருந்தவர் அவர். 1987இல் வெளிவந்த 'தேடலும் படைப்புலகமும்' என்னும் மலர் அவருடைய உழைப்புக்குச் சாட்சி. 1995இன் இடப்பெயர்வு அவரையும் வேரோடு பெயர்த்தது. அவர் போன்றோர் இயங்கிய சங்கத்தின் பெயர் விடுமுறைக்கால ஓவியர் கழகம். இப்பெயரை முதலிற் கண்டபோது, பொழுதுபோக்குக்காக வரைந்தவர்கள்போலும் என எண்ணி நான் சிரித்தேன். இன்று அப்பெயரின் நேர்மை எனக்கு விளங்குகின்றது. பாடசாலை திறந்திருக்கும் நாட்கள் வயிற்றுக்குரியவை. மூடியிருக்கும் நாட்கள் ஓவியத்துக்குரியவை. அதை மறைக்காமற் பெயரிலேயே எழுதி வைத்தனர்.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் நிலைமை வேறன்று. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரின் வழிகாட்டலில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையிற் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமம் உருவாயிற்று. அங்குக் குடியேறிய இளைஞர்கள் பத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்று, அவ்வருவாயில் நிலம் வாங்கி, மீதி நேரத்தில் தம் ஓவியங்களை வரைந்தனர். கைவினை செய்தால் கலை கெட்டுவிடும் என்று அவர்கள் அஞ்சவில்லை.

இவற்றையெல்லாம் நான் நூலகத்திற் படித்துக் குறிப்பெடுத்துக் கருத்தரங்கிலும் பேசினேன். கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்ற பழைய விவாதம் அன்று மாலைவரை நீண்டது. பெயின்ற் வாங்கும் காசு எங்கிருந்து வருகிறது என்று எங்களுள் எவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டியவள் நான். நான் ஏன் கேட்கவில்லை?

முதலாம் வருடத்தில், மாணவர் சிலர் தத்தம் ஓவியங்களை ஓரிடத்தில் மாட்டி வைத்தோம். என்னுடைய மூன்று படங்களும் அவற்றுள் இருந்தன. பார்க்க வந்த ஒருவர், என்னைப் புண்படுத்தும் எண்ணமின்றியே, "உங்கள் கோட்டிற் கடைப்பலகை எழுதுபவரின் கை தெரிகிறதே, யாரிடம் பழகினீர்கள்?" என்று வினவினார். சுற்றி நின்றவர்களுள் ஓரிருவர் சிரித்தனர். நான், "ஒருவரிடமும் பழகவில்லை" என்றேன்.

நடந்தது அவ்வளவே. அன்றைக்குப் பின் என் கொப்பியை நான் திறக்கவில்லை. கோடு கீறும் போதெல்லாம் அந்தச் சிரிப்புக் கேட்டது. அதைவிட என் மறுமொழி கேட்டது. இரண்டு வருடமாக 'நேரமில்லை' என்று எல்லாரிடமும் சொல்லி வந்தேன். நேரம் இருந்தது. நேரமின்மை என்பது வெட்கத்துக்கு நான் போர்த்திய துணி.

இந்த விடுமுறையில், அயலூர் அம்மன் கோயிலின் குதிரை வாகனத்துக்கு நிறந் தீட்டும் வேலைக்குச் சித்தப்பா என்னையும் அழைத்துச் சென்றார். மூன்று நாள் பழைய நிறத்தைச் சுரண்டித் தேய்ப்பதே என் வேலை. நான்காம் நாள் அவர் கழுத்துக்குக் கறுப்புக் கோடு இழுத்தார். காதின் அடியிலிருந்து மார்பு வரையில் இடையிலே தூரிகையை எடுக்காத ஒரே கோடு. தொடக்கத்தில் மெலிந்து, வளைவிற் பருத்து, முடிவில் மீண்டும் மெலிந்தது. அது நான் அறிந்த வளைவு. நாற்பது வருடமாக 'பழக்கடை' என்றும் 'கிழங்கு' என்றும் எழுதிய 'ழ'கரத்தின் வளைவு அது. நான் அதைச் சொன்னேன். அவர் ஏணியில் நின்றபடியே, "பின்னை என்ன? ழ எழுதத் தெரிஞ்சவனுக்குக் குதிரைக் கழுத்து வரும்" என்றார்.

கடைப்பலகை எழுதுபவரின் கை என்று அந்த நண்பர் சொன்னது குறையன்று, சரியான அவதானம். அக்கை எனக்கு வந்திருக்கிறது என்றால் நான் தலைநிமிர்ந்திருக்கவேண்டும். கூலிக்குச் செய்த வேலை அவருடைய கலையைத் தின்றுவிடவில்லை, கோட்டைக் கொடுத்திருக்கிறது. விடியற்காலை வேலை கூலிவேலைக்குக் கண்ணைக் கொடுத்திருக்கிறது. மாடுகளை அத்தனைமுறை கீறியிராதவர் அந்தக் குதிரைக்கு அப்படியொரு உயிர் கொடுத்திருக்க இயலாது.

இங்கே கட்டுரையை முடித்திருப்பேன். ஆனால் மறுநாள் விடியற்காலை நானும் நாலு மணிக்கு எழுந்து பத்திக்குச் சென்றபோது, இதுவரை கண்டும் காணாத ஒன்றைக் கண்டேன். பத்தியிலுள்ள மின்விளக்கு ஒன்று. அதன் ஒருபுறம் மேசையிற் சித்தப்பா. மறுபுறம் அடுப்படியிற் சித்தி. சித்தியும் நாலு மணிக்கே எழும்புகிறார். ஆறு மணிக்குச் சந்திக் கடைகளுக்குக் கொடுப்பதற்காக இடியப்பம் பிழிகிறார். பலகை வேலை குறைந்த காலத்திலும், 2022இலும் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது அந்த இடியப்பத்தால். விளக்குப் போடுவதும் உண்மையில் அவருடைய வேலைக்காகத்தான். சித்தப்பா அந்த வெளிச்சத்தில் ஒதுங்கியிருந்து கீறுகிறார்.

வின்சன்ற் வான்கோவை நாம் அறிவோம். அவருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பிய தம்பி தியோவையும் அறிவோம். அரசனின் நிலம், பாடசாலைச் சம்பளம், பத்திக் துணி, தம்பியின் பணம், மனைவியின் இடியப்பம் என ஓவியனின் ஒரு மணி நேரத்துக்கு அடியில் எப்பொழுதும் ஓர் உழைப்பு இருக்கிறது. அது சிலவேளை அவனுடையது, பலவேளை பிறருடையது. கலைஞனின் விடாமுயற்சியைப் போற்றும் நாம் அதனைத் தாங்கிய கையையும் சேர்த்து எண்ணவேண்டும். பெண்ணாகிய எனக்கு வேறொரு வினாவும் எழுகின்றது. நாளை எனக்கென்று ஒரு வீடு அமையும்போது, அந்த விளக்கின் எந்தப் பக்கத்தில் நான் இருப்பேன்? இரு பக்கமும் மாறி மாறி இருக்க முடியாதா? சித்தியிடம் இதைக் கேட்டேன். "எனக்குக் கீற விருப்பமோ எண்டு இவ்வளவு காலத்தில ஒருத்தரும் கேக்கேல்லைப் பிள்ளை" என்றார். சித்தப்பா தலை நிமிரவில்லை. ஆனால் அவருடைய பென்சில் சிறிது நேரம் நின்றது.

அன்று என் கொப்பியை எடுத்து, இரண்டு வருடத்தின் பின் முதன்முறையாக ஒன்றைக் கீறினேன். உரலை அழுத்தும் சித்தியின் கைகள். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "மணிக்கட்டுப் பிழை. பாரம் தெரியேல்லை. நாளைக்குத் திரும்பக் கீறு" என்றார். திரும்பக் கீறினேன். விடுதிக்கு மீண்ட பின்னரும் தினமும் அரைமணி நேரம் கீறுகிறேன். மணிக்கட்டு இன்னும் சரிவரவில்லை.

இம்மலரின் ஒரு பிரதியை அடுத்த விடுமுறையில் உருத்திரபுரத்துக்குக் கொண்டு செல்லவேண்டும். யாரிடம் பழகினீர்கள் என்ற கேள்விக்கு அன்று நான் சொன்ன மறுமொழியைச் சித்தப்பா இதிலேதான் முதன்முதலாக வாசிக்கப்போகிறார். அவர் "ம்" என்று மட்டும் சொல்லக்கூடும். எனினும் அச்சில் இருப்பதை மறுக்க முடியாது. ஆகவே அக்கேள்விக்குரிய சரியான விடையையும் இங்கேயே அச்சேற்றி வைக்கிறேன்: நான் பழகியது என் சித்தப்பாவிடம், அவர் கடைப்பலகை எழுதுபவர்.